நாற்பத்தொரு க்ளிக்

லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கு 'க்ளிக்கக்கா' என்று பெயர் வைத்தது மெக்கானிக்குகள். பட்டப்பெயர் வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்கள் கையில் ஸ்பேனரும் கிரீஸும். அவள் கையில் ஒரு லேப்டாப். இணையத்தில் யாராவது 'லிஃப்ட் சர்வீஸ்' என்று தேடினால் முதல் வரியிலேயே இவர்கள் கம்பெனி விளம்பரம் வந்து நிற்க வேண்டும், தேடியவர் அதை அமுக்கி உள்ளே வர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் உத்தியோகம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் கம்பெனி காசு கொடுக்கிறது. வந்தவர் வாடிக்கையாளரோ வழிப்போக்கரோ, காசு போனது போனதுதான்.

வழிப்போக்கர்கள்தான் அதிகம். மெக்கானிக் வேலை தேடுகிறவர்கள், லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று பள்ளிக்கூட நோட்டில் படம் வரைகிறவர்கள், லிஃப்டுக்குள் பேய் வரும் வீடியோ தேடுகிறவர்கள். ரோட்டில் நின்று லிஃப்ட் கேட்பது எப்படி என்று தேடிய ஒரு புண்ணியவான்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இந்தக் கூட்டத்தை வடிகட்டுவதிலேயே அவளுடைய பாதி நாள் கழியும். வேண்டாத சொற்களை ஒரு பட்டியலில் போட்டுவைப்பாள். அந்தச் சொல்லோடு யாராவது தேடினால் விளம்பரம் தலைகாட்டாது.

"எனக்குக் கூட்டம் வேணாம்மா, ஆள் வேணும்" என்பார் முதலாளி. "கட்டடக்காரன் வேணும். வருஷ ஒப்பந்தம் போடறவன் வேணும். மத்தவன்லாம் வெட்டி."

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நல்ல மனிதர், கொஞ்சம் மெத்தனம். போட்டிக் கம்பெனிக்காரன் ஆள் வைத்து ஒரு வாரம் முழுக்க இவர்கள் விளம்பரத்தை அமுக்கித் தள்ளியிருக்கிறான்; இவர் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஈர டப்பா இன்னும் பேன்ட்ரி அலமாரியில் இருக்கிறது என்பார்கள். அவள் அந்த அலமாரியைத் திறப்பதே இல்லை.

ஆகவே அவள் கவனமாக இருந்தாள். விளம்பரத்தை அமுக்கினால் திறக்கிற பக்கத்தில் போட்டிருந்த போன் நம்பரை எடுத்துவிட்டாள், வேலை கேட்டுத்தான் பாதி அழைப்பு வருகிறது என்று. அதற்குப் பதிலாக ஒரு படிவம் வைத்தாள், கூட்டிக் குறைத்துக் கடைசியில் ஐந்து கட்டம்: நிறுவனத்தின் பெயர், எத்தனை லிஃப்ட், உங்கள் பதவி, அலுவலக மின்னஞ்சல், கைபேசி எண். ஐந்தையும் ஒழுங்காக நிரப்பினால்தான் 'அனுப்பு' வேலை செய்யும். இலவசமாகக் கிடைக்கிற மின்னஞ்சல் முகவரியை அது ஏற்காது; அலுவலகத்துடையதாக இருக்க வேண்டும். மூன்று மாதத்தில் குப்பை வடிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் நிஜக் கட்டடக்காரர்கள். மீட்டிங்கில் முதலாளி எல்லோர் முன்னாலும், "இப்பதான் தண்ணி தெளிஞ்சிருக்கு" என்றார். விளம்பரத்தின் வாசகத்தில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. அதுதான் நன்றாக இழுத்தது: 'லிஃப்ட் நின்றுவிட்டதா? முப்பது நிமிடத்தில் வந்து நிற்போம்.'

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தது. சனிக்கிழமை காலை அவள் கணவர் வகுப்பெடுக்கப் போயிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். யாரையும் திட்டாமல் கற்றுக்கொடுப்பார் என்று பெயர் எடுத்தவர். அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் உறுமியது. க்ளிக்குகளைக் காவல் காக்கிற மென்பொருள் ஒன்று உண்டு, அதிலிருந்து எச்சரிக்கை.

ஒரே இணைய இணைப்பு எண்ணிலிருந்து எழுபத்துமூன்று நிமிடத்தில் நாற்பத்தொரு க்ளிக்.

மனுஷனாகப் பிறந்தவன் ஒரே விளம்பரத்தை ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு தடவை அமுக்குவானா? கூலிக்கு அமுக்குகிற விரல்தான் அமுக்கும். லீவு பார்த்து அடிக்கிறான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் முன்னால் இருந்தவருக்குப் பேய் நிஜமாகவே வந்ததே. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி, அந்த எண்ணைத் தடை செய்தாள். இனி அந்த இணைப்பில் யார் எதைத் தேடினாலும் இவர்கள் விளம்பரம் தெரியாது. முதலாளிக்கு ஒரு மெசேஜ் தட்டினாள்: 'போட்டிக்காரன் வேலை சார். தடுத்துட்டேன்.' கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது.

அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் கணவரோடு கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். மூன்று கடை ஏறி இறங்கி, முதல் கடையில் பார்த்ததையே வாங்கினாள். பிற்பாடு அந்தச் செருப்பை அவள் போடவே இல்லை. அதை வாங்கும்போது மணி என்ன, அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்ற கணக்கு, காலை நுழைக்கப் போனாலே வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு, காபியோடு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே. பக்கத்துக்கு வருகிறவர் எங்கே விரல் வைத்தார், எதை எழுதினார், எதை அழித்தார் என்று பதிவு செய்துவைக்கிற வசதி ஒன்று இருந்தது. மின்னஞ்சலும் போன் நம்பரும் அதில் வெறும் நட்சத்திரமாகத் தெரியும். மற்றதெல்லாம் எழுதியது எழுதியபடி. நாற்பத்தொரு பதிவு. கூலிக்காரன் விரலைப் பார்க்கலாம் என்று முதலாவதைத் திறந்தாள்.

பக்கம் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. யாரோ எதையோ தேடுகிறார்கள். இது கூலிக்காரன் செய்கிற வேலை இல்லை. அவன் வந்ததும் போய்விடுவான். இந்த விரல் பக்கத்தின் அடிவரை போய், அங்கே ஒரு போன் நம்பர் இருக்கும் என்று நம்பியதுபோல் நின்று, திரும்பியது.

இரண்டாவது பதிவு. படிவம் திறந்தது. 'நிறுவனத்தின் பெயர்' என்ற கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது:

லிப்ட்ல மாட்டிகிட்டேன்

காபி டம்ளரை அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

எத்தனை லிஃப்ட் என்ற கட்டத்தில் '1' விழுந்தது. பதவிக்கு ஒரு பட்டியல் விரிந்தது: உரிமையாளர், மேலாளர், பொறியாளர். விரல் மூன்றின் மேலும் போய்ப் போய் வந்தது. கடைசியில் தயங்கித் தயங்கி 'மேலாளர்' மேல் நின்றது. மின்னஞ்சலில் சில நட்சத்திரங்கள். கீழே சிவப்பில் ஒரு வரி: 'அலுவலக மின்னஞ்சல் தேவை.' அவள் எழுதிய வரிதான் அது. 'அனுப்பு' அமுங்கவில்லை. பக்கம் மூடியது.

அவள் வரிசையாகத் திறந்தாள். ஒன்பதாவதில், 'வாட்ச்மேன் நான். உள்ள இருக்'. அதற்கு மேல் எழுத்து விழவில்லை. அந்தக் கட்டத்துக்கு அவ்வளவுதான் இடம். இருபதாவதில், '3க்கும் 4க்கும் நடுவுல'. முப்பத்துமூன்றாவதில் 'சார்' என்று மட்டும். நாற்பத்தொன்றாவதில் 'தண்ணி இல்ல சார்', அதன் பிறகு 'அனுப்பு' என்ற பட்டன்மேல் பதினேழு முறை விரல். நேரம் சனிக்கிழமை 10.48.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? அவள்தான் கதவைச் சாத்தினாளே.

சுவர்க் கடிகாரத்தில் பத்தடிக்க எட்டு நிமிஷம் இருந்தது. இருபத்துமூன்று மணி நேரம். கூப்பிட வாயெடுத்தால் குரல் வரவில்லை. ஜன்னலுக்குப் போய், கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னம்மா? யாருக்கு என்ன?"

"ஒரு ஆள் லிஃப்டுல மாட்டியிருக்காருங்க. நேத்துலேர்ந்து. நான்தான்... நான்தான் அவரைத் தடுத்துட்டேன்."

அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும், "எங்க?" என்றார்.

அதுதான் தெரியவில்லை. நாற்பத்தொரு முறை எழுதியவர் எந்தக் கட்டடம் என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. விலாசம் கேட்கிற கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. முதலில் இருந்தது. விலாசம் கேட்டால் வருகிறவர்கள் பாதியிலேயே ஓடிப்போகிறார்கள் என்று போன மாதம் அவள்தான் எடுத்தாள்.

அவசர எண்ணுக்குப் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"எந்தக் கட்டடம்மா?"

"தெரியலைங்க."

"யார் மாட்டியிருக்காங்க?"

"பேர் தெரியாது. வாட்ச்மேன்."

"உங்களுக்கு அவர் போன் பண்ணினாரா?"

"இல்லைங்க. எங்க விளம்பரத்தை அமுக்கினார்."

"அம்மா, இடம் தெரிஞ்ச உடனே கூப்பிடுங்க. வண்டி தயாரா இருக்கும்" என்றாள் அந்தப் பெண். குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் லிஃப்ட் உள்ள கட்டடம் எத்தனை ஆயிரம்.

இணைப்பு எண் மட்டும் கையில் இருந்தது. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அதை வைத்துத் தெருவைப் பிடிக்க முடியாது. ஊர் வரைக்கும்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். அலுவலக இணைப்பு என்றால் எண் சுலபத்தில் மாறாது. அந்த அலுவலகத்திலிருந்து எப்போதாவது, எதற்காவது, யாராவது இவர்கள் பக்கத்துக்கு வந்து விசாரித்திருந்தால்? பழைய விசாரணைப் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இணைப்பு எண் பதிவாகியிருக்கும். அந்தப் பட்டியல் முதலாளியின் பூட்டில் இருந்தது.

முதலாளி மூன்றாவது முறைதான் எடுத்தார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள்.

"நம்ம லிஃப்டா அது?" என்றார்.

"தெரியல சார்."

"நம்மது இல்லேன்னா நாம ஏம்மா நடுவுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் குரல் இறங்கியது. "நேத்து தடுத்துட்டேன்னு ஒரு மெசேஜ் போட்டியே. அதை முதல்ல அழி."

அவளுக்கு அப்போது வந்த பயம் வேறு விதம். இத்தனை நேரம் உள்ளே இருப்பவருக்காகப் பயந்தாள். இப்போது, இந்த மனிதர் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தாள்.

"அழிக்கறேன் சார். எல்லாத்தையும் அழிக்கறேன். பழைய லிஸ்ட்டோட பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க."

பின்னால் டிவி ஓடுவது கேட்டது.

"சார், அந்த ஆள் செத்துட்டா உங்களுக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது."

"லிஃப்ட், ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்றார் முதலாளி.

இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்று சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் கணவர்கூட ஒரு நொடி வாயைத் திறந்து மூடினார்.

பட்டியலில் எண்ணைப் போட்டுத் தேடினாள். ஒரே ஒரு வரி வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், பல் ஆஸ்பத்திரிச் சாமான்கள் இறக்குமதி செய்கிற ஓர் அலுவலகம், நான்காம் மாடி, தெருப் பெயர், கட்டட எண். தங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு வருஷப் பராமரிப்பு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தார்கள். ஓரத்தில் விற்பனைப் பிரிவு எழுதிய குறிப்பு: 'விலை அதிகம் என்கிறார்கள். தேறாத கேஸ்.'

அவசர எண்ணுக்கு விலாசத்தைச் சொல்லிவிட்டு, கம்பெனியின் மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவரைக் கிரீஸண்ணன் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கையில் கறை போகாத ஆள். "எந்தத் தெரு? நான் கிட்டத்தான் இருக்கேன். கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு, மாஸ்டருக்காக. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சந்திலும் அவளை அறியாமல் கால் அதை அழுத்தியது. கார் குலுங்கிக் குலுங்கி நின்றது.

"காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கம்மா. இப்படிப் போனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்."

சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஒருவேளை அவர் வெளியே வந்திருக்கலாம். நேற்றே யாராவது திறந்துவிட்டிருக்கலாம். நாம் போய் நிற்கும்போது வாசலில் பீடி பிடித்துக்கொண்டு, 'யாரும்மா நீங்க?' என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் அவர் காலில் விழுவது என்று முடிவு செய்தாள்.

வாசலில் யாரும் இல்லை. ஐந்து மாடிக் கட்டடம். தெருவில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. கண்ணாடிக் கதவு உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் மேஜை. அதன்மேல் வருகைப் பதிவேடு, ஒரு கண்ணாடிக் கூடு, தூக்குச்சட்டி, சார்ஜில் சொருகிய ஒரு போன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் வெளிச்சமாகி, மேஜைமேல் நடுங்கி நகர்ந்து, அடங்கியது. சற்று நேரத்தில் மறுபடி வெளிச்சமானது. யாரோ விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தீயணைப்பு வண்டியும் கிரீஸண்ணனும் ஒன்றாக வந்தார்கள். கதவின் ஒரு கண்ணாடியை எடுத்துச் சங்கிலியை வெட்ட நான்கு நிமிஷம் ஆனது. படியில் எல்லோரும் ஓடினார்கள். நான்காம் மாடியில் லிஃப்ட் கதவைக் கிரீஸண்ணன் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

"அண்ணே! உள்ள யாரு? சத்தம் குடுங்க!"

சத்தம் வரவில்லை.

மறுபடி தட்டினார். தீயணைப்புக்காரர் ஒருவர் கதவில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து கையுறையை மாட்டிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல தொங்குது. இங்கேர்ந்து உடைச்சா ஆபத்து" என்றார் கிரீஸண்ணன். "நான் மேல மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கை விட்டுட்டுச் சக்கரத்தைக் கையால சுத்தறேன். கொஞ்சம் கொஞ்சமா மூணாவது மாடிக்கு இறங்கும். நீங்க கீழ நில்லுங்க சார். ஏம்மா, நீ இங்கேயே நின்னு பேசிக்கிட்டே இரு."

"என்ன பேசறது அண்ணே?"

"என்னவாச்சும் பேசு. உள்ள இருக்கறவனுக்கு வெளிய ஆள் இருக்குன்னு தெரியணும். லிஃப்ட் திடீர்னு அசைஞ்சா பயத்துலயே போயிடுவான்."

அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவள் மூடிய இரும்புக் கதவின் முன்னால் நின்றாள். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒருவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? வயசு என்ன, அண்ணன் என்பதா ஐயா என்பதா?

"ஐயா" என்றாள். "ஐயா, நாங்க வந்துட்டோம். லிஃப்ட் மெதுவா இறங்கும். பயப்படாதீங்க. நான்... நான் லிஃப்ட் கம்பெனியிலேர்ந்து வரேன். நீங்க எழுதினதைப் பார்த்தேன். எல்லாத்தையும் படிச்சேன். கீழ உங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்குது. வீட்டுலதான் கூப்பிடறாங்கன்னு நினைக்கறேன். இறங்கினதும் பேசலாம். ஐயா, கேக்குதா?"

கதவுக்குப் பின்னால் ஏதோ உரசியது. பிறகு ஒரு தட்டு, நகத்தால் தட்டியது போல. காய்ந்த தொண்டையிலிருந்து ஒரு குரல், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல:

"முப்பது நிமிஷம்னு போட்டிருந்துச்சேம்மா."

அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். மேலே எங்கேயோ இரும்பு முனகியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

மூன்றாம் மாடியில் கதவைப் பிரித்தபோது அவர் மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். சட்டையைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. மடியில் ஒரு டேப்லெட், கறுத்துப் போய்க் கிடந்தது. வெளிச்சம் பட்டதும் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தீயணைப்புக்காரர் தண்ணீர் கொடுத்தபோது பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல் சுற்றிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாதே என்று முதலாளி சொல்லியிருந்தார். வாட்ச்மேன் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி, தூங்காத கண்ணோடு. இரண்டு நாள் தொடர்ந்து டியூட்டி என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் போன் எடுக்காதபோது தூங்குகிறார் என்று அந்த அம்மா நினைத்துவிட்டாராம்.

அவர் நடந்ததைச் சொன்னார். வாசலில் வருகிறவர்கள் பெயர் பதிவதற்கு ஒரு டேப்லெட் உண்டு. லீவு நாளில் அதை நான்காம் மாடியில் பூட்டிவைக்கச் சொல்லியிருந்தார்கள். எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார், கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தும் லிஃப்ட் அசையவில்லை. சொந்தப் போன் கீழே சார்ஜில்.

"உள்ள இருக்கற மணியை அடிச்சேம்மா. அது எங்க கேக்கும்? என் மேஜைக்குத்தான் கேக்கும். நான்தானே எடுக்கணும்" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. "டேப்லெட்டுல சிம் இல்ல. ஆபீஸ் வைஃபை மட்டும் கொஞ்சம் கெடைச்சுது. போலீஸுக்கு எழுதலாம்னா ஓடிபி கேக்குது, ஓடிபி கீழ போனுக்குப் போகுது. வேற கம்பெனி பக்கமெல்லாம் போனேன். ஒண்ணுல மெஷின் பதில் போடுது, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாங்கன்னு. உங்களுதுதான் முப்பது நிமிஷம்னு சொல்லுச்சு. அதனாலதான் அதையே அமுக்கினேன். அப்புறம் திடீர்னு அது வரவே இல்ல. நான் எதையோ தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன்."

இந்த இடத்தில் எழுந்து, நல்லா ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பழங்களைக் கொண்டுபோயிருந்தாள், வைத்துவிட்டு நழுவியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"நீங்க கெடுக்கல. நான்தான் எடுத்தேன்" என்றாள். "விளம்பரம் உங்க கண்ணுல படாதபடி தடுத்துட்டேன். யாரோ வேணும்னே அமுக்கறாங்கன்னு நினைச்சேன். என்ன எழுதியிருக்கீங்கன்னு திறந்து பார்க்கல. அன்னிக்கே பார்த்திருந்தா மத்தியானத்துக்குள்ள வந்திருப்போம்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"திருடன்னு நினைச்சீங்களா?"

"ஆமாங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி எழுந்தாள். சண்டைக்கு வருவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "நீங்க கிளம்புங்கம்மா" என்றாள் அந்த அம்மா, அமைதியாக. "அவர் தூங்கணும்."

செவ்வாய்க்கிழமை அவள் யாரையும் கேட்காமல் போன் நம்பரைப் பக்கத்தின் உச்சியில் போட்டாள். படிவத்தில் விலாசக் கட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். 'உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா?' என்று தனியாக ஒரு பட்டன் வைத்தாள். அதை அமுக்க மின்னஞ்சலும் வேண்டாம், பதவியும் வேண்டாம். முதலாளி பார்த்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார்.

"மறுபடி குப்பைதான் வரும்."

"வரட்டும் சார்."

"ஆபீஸ் முடிஞ்சப்புறம் போனை யார் எடுப்பா?"

"நான் எடுக்கறேன்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளாக அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணுக்குக் கீழே தெரிந்தது. போகச் சொல்லித் தலையசைத்தார். அடுத்த மூன்று வெள்ளிக்கிழமையும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது, யாராவது பின்னால் வந்து நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

போனில் வேலை கேட்டு வந்தார்கள். லிஃப்ட் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும், எடுத்துக் காதில் வைக்கும் அந்த ஒரு நொடி அவளுக்கு மூச்சு நின்றுதான் வந்தது.

ஒரு மாதம் கழித்து அதே எண்ணில் ஒரு பெண் குரல். வாட்ச்மேனின் மனைவி.

"அவர் அந்த வேலையை விட்டுட்டார். மாடிப்படியில ஏறக்கூட மாட்டேங்கறார். குளிக்கப் போனாக் கதவைச் சாத்த மாட்டேங்கறார். நீங்க இணையத்துலதானே வேலை பாக்கறீங்க. மாடி இல்லாத இடமா, வாட்ச்மேன் வேலை ஏதாவது இருக்கான்னு தேடிப் பாருங்க. நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியவேண்டாம்."

அன்று முழுக்க அவள் விளம்பரத்தைத் தொடவில்லை. தேடினாள், நாற்பது இடத்துக்குப் போன் போட்டாள். கடைசியில் ஊர் எல்லையில் ஒரு மரக்கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவரே இல்லை, பெரிய முற்றம். அந்த அம்மாவிடம் விவரம் சொன்னாள். அடுத்த வாரமே அவர் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வந்தது.

மழைக் காலம் தொடங்கிய ஒரு நாள், கணவர் ஒரு மாணவரை இறக்கிவிடப் போகும்போது அவளும் காரில் இருந்தாள். வழியில் அந்த மரக்கடை வந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் காவலுக்கென்று ஒரு சின்ன அறை, நாலடிக்கு நாலடி, மேஜையும் விளக்கும் உள்ளே. அவர் அதற்குள் இல்லை. நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்தட்டுமா?" என்றார் கணவர்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கார் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளைத் தெரிந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை.